மூளைக் கட்டி ஆராய்ச்சிக்குக் கொங்கு ஆஸ்பத்திரிகளை ஒன்று சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் கோயமுத்தூரின் எந்தப் பெரிய புற்றுநோய்ப் பிரிவு வராந்தாவிலும் ஒரு மஞ்சப்பையைப் பார்க்கலாம். ஜவுளிக்கடைப் பை. உள்ளே சுருட்டி வைத்த எம்.ஆர்.ஐ. ஃபிலிம், கீறல் விழுந்த ஒரு சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி, சதை டெஸ்ட் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ், காப்பீட்டு அட்டை, ஓரத்தில் மடித்து வைத்த திருநீற்றுப் பொட்டலம். ஸ்கேன் தாராபுரத்தில் எடுத்திருப்பார்கள். ஆபரேஷன் ஈரோட்டில் நடந்திருக்கும். 'கரண்ட்' வைக்க, அதாவது கதிர்வீச்சுக்கு, இங்கே அனுப்பியிருப்பார்கள். மூன்று ஊர் வைத்தியத்தையும் ஒருங்கிணைத்துக்கொண்டிருப்பது அந்தப் பைதான்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளராக 11 வருஷம் வேலை பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் ஊர் மூளைக் கட்டி நோயாளி ஏற்கெனவே பல மையத்துக்காரர். நம்முடைய நோட்டுகள்தான் ஒவ்வொன்றும் ஒரு கட்டடத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. கூட்டு ஆராய்ச்சி என்றதும் அமெரிக்காவையும் டெல்லியையும் நினைத்து மலைக்கிற இளம் டாக்டர்களுக்கும், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தனியாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். கிளியோபிளாஸ்டோமா அரிய நோய். பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக் கட்டிகளில் அதிகம் காண்பது அதுதான் என்றாலும், ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கில் அது கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் வரும். இன்று சேலத்திலும் கோவையிலும் கொடுக்கிற வைத்தியம், அதாவது 30 தவணையில் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு) கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும், 2005-இல் வெளியான ஒரு சோதனையில் நிலைபெற்றது. ஐரோப்பாவிலும் கனடாவிலுமாக 85 ஆஸ்பத்திரிகள், மொத்தம் 573 நோயாளிகள். வகுத்துப் பாருங்கள், ஓர் ஆஸ்பத்திரிக்கு 7 பேர்கூட வரவில்லை. அந்த ஏழேழு பேரைச் சேர்த்துத்தான், சரிபாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்ததையும், இரண்டு வருஷம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக ஆனதையும் கண்டுபிடித்தார்கள். ஏழு பேரை மட்டும் வைத்திருக்கிற ஒரு டாக்டரின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வழியே இல்லை.

படி 1: கேள்வியைச் சின்னதாக வையுங்கள்

முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் புது மருந்து ஆசை வரும். வரட்டும். டீ குடித்து முடிந்ததும் ஒதுக்கி வையுங்கள். புது மருந்தென்றால் பணமும் அனுமதியும் காப்பீடும் வேறு ரகம். முதல் தடவைக்கு, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிற வைத்தியத்தைப் பற்றிய கேள்வி போதும்.

நம் பக்கத்துக்குப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். வயதானவர்களுக்கு ஆறு வாரக் கதிர்வீச்சா, மூன்று வாரமா? 2017-இல் வந்த ஒரு பன்னாட்டுச் சோதனையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 562 பேருக்கு 15 தவணையில் 40 கிரே மட்டுமே கொடுத்தார்கள். அதோடு டெமோசோலமைடும் சேர்ந்தவர்களில் சரிபாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 9.3 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 7.6 மாதம். காங்கேயத்திலிருந்து தினமும் பஸ் ஏறுகிற 70 வயதுக்காரருக்கு 30 நாள் பயணமும் 15 நாள் பயணமும் ஒன்றல்ல. கிடைக்கிற ஒன்பது மாதத்தில் ஒன்றரை மாதத்தைப் பஸ்ஸுக்குக் கொடுப்பதா என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இங்கே யாருக்கு எதைக் கொடுக்கிறோம், எத்தனை பேர் முடித்தார்கள், பாதியில் நின்றவர்கள் எதனால் நின்றார்கள் என்று நாலு ஆஸ்பத்திரி சேர்ந்து ஒரே மாதிரி எழுதினாலே அது ஆராய்ச்சிதான்.

இன்னொன்று: ஆபரேஷனுக்கும் கதிர்வீச்சின் முதல் நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் போகிறது, அந்த நாட்களைத் தின்பது எது? சதை டெஸ்ட் ரிப்போர்ட்டா, காப்பீட்டு ஒப்புதலா, மாரியம்மன் நோம்பியா?

கேள்வியை வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பிப் பாருங்கள். பெருந்துறையில் இருப்பவர் மறுகேள்வி போடாமல் புரிந்துகொண்டால் கேள்வி தயார்.

படி 2: வாயால் சொல்கிற எண்ணை நம்பாதீர்கள்

"எங்களுக்கு வாரம் ரெண்டு வருமுங்க" என்பார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. மனசில் நிற்கிற கேஸ்கள் எண்ணிக்கையில் பெருகித் தெரியும், அவ்வளவுதான். ஒருமுறை அப்படிச் சொன்ன ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம், சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

எண்ணுவதற்கு மூன்று நோட்டு இருக்கிறது. தியேட்டர் பதிவேடு, பேதாலஜி பதிவேடு, கதிர்வீச்சுப் பதிவேடு. கடந்த இரண்டு வருஷத்துக்கு மூன்றையும் எடுத்து வரிசையாக எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் நோயாளிகள் தொலைந்துகொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் ஆனவர் கதிர்வீச்சுக்கு வரவில்லை என்றால் வேறு ஊருக்குப் போனாரா, வீட்டுக்கே போய்விட்டாரா என்பதை அந்த ஆஸ்பத்திரி நோட்டு சொல்லாது, பக்கத்து ஊர் நோட்டு சொல்லும்.

யாரைச் சேர்ப்பது? கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., ஜி.கே.என்.எம்., ஸ்ரீ ராமகிருஷ்ணா என்று நரம்பு அறுவை சிகிச்சையும் புற்றுநோய் வைத்தியமும் நடக்கிற இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெருந்துறையிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். ஆபரேஷன் மட்டும் செய்துவிட்டு மற்றதற்கு வெளியே அனுப்புகிற நடுத்தர ஆஸ்பத்திரிகளையும் கூப்பிடுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் கதையின் முதல் அத்தியாயம் உங்களிடம் இருக்காது. மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியை மையமாக வைத்து 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இன்று 300-க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உங்கள் கூட்டாளிகளில் யார் அதில் உறுப்பினர் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பொதுச் சிகிச்சை நெறிமுறைகள் தயாராகவே கிடைக்கும்.

முதல் வருஷத்துக்கு நாலு மையம் போதும். பத்தோடு ஆரம்பித்தவர்கள் பத்தும் கையெழுத்துப் போட்டு முடிக்கும்போதே களைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: கசப்பானதை முதலிலேயே எழுதுங்கள்

பங்காளிகள் சேர்ந்து கிணறு வெட்டினால் தண்ணீர் வருவதற்கு முன்பே முறை பேசிவிடுவார்கள். அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு, கடைசிப் பெயர் யாருக்கு, எத்தனை நோயாளி சேர்த்தால் ஒரு மையத்துக்கு எத்தனை பெயர், தரவு யார் கம்ப்யூட்டரில் இருக்கும், ஒரு மையம் நடுவில் விலகினால் அது கொடுத்த விவரம் என்ன ஆகும்? இவற்றை இரண்டு பக்கத்தில் எழுதி எல்லா டீனும் கையெழுத்திட வேண்டும். நல்ல முடிவு வந்த பிறகு இதைப் பேசினால் நட்பு போய்விடும்.

ஒவ்வொரு மையத்திலும் ஒரு டாக்டர் பொறுப்பு. அவரைவிட முக்கியம், சம்பளம் வாங்குகிற ஓர் ஒருங்கிணைப்பாளர். "எங்க பி.ஜி. பையன் பார்த்துக்குவான்" என்று சொல்கிற மையத்தைச் சேர்க்காதீர்கள். பையனுக்குப் பரீட்சை வரும், போஸ்டிங் மாறும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அமைப்புகளுக்கு நிதி கேட்டு எழுதும்போது மெஷினுக்கு ஆசைப்படாமல் முதல் வரியில் இந்தச் சம்பளத்தைப் போடுங்கள்.

படி 4: நெறிமுறைக் குழுவும் சட்டமும்

இதில் ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கிறது. மருந்துச் சோதனைகளுக்கான 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி, சொந்த நெறிமுறைக் குழு (எதிக்ஸ் கமிட்டி) இல்லாத மையம் வேறொரு குழுவின் ஒப்புதலோடு வேலை செய்யலாம். ஆனால் அந்தக் குழு அதே ஊரில் அல்லது 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கோவைக் குழுவை வைத்துக்கொண்டு நகருக்குள் இருக்கிற மையங்களைச் சமாளிக்கலாம். ஈரோடு ஏறக்குறைய 100 கிலோமீட்டர், சேலம் 160-ஐத் தாண்டும், அங்கே தனிக் குழு வேண்டும். திருப்பூர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அளந்துவிட்டுப் பேசுங்கள்.

வெறும் பதிவேட்டு ஆராய்ச்சி என்றால் ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் வழி சொல்கின்றன. பல மையங்களுக்குப் பொதுவாக ஒரு குழு ஆராய்ந்து, மற்றவை உள்ளூர் விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டுக்கு அதில் இடம் உண்டு. நடைமுறையில் எல்லாக் குழுவும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ஒரு குழு ஒப்புதல் படிவத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் அந்த மாற்றம் மற்ற மையங்களுக்கும் போக வேண்டும். அதற்காகவே ஒரு வடிவ (வெர்ஷன்) எண் பட்டியல் வைத்திருங்கள். எங்கள் ஆராய்ச்சி ஒன்றில் மூன்று மையத்தில் மூன்று வடிவப் படிவம் ஓடிக்கொண்டிருந்ததை எட்டு மாசம் கழித்துக் கண்டுபிடித்தோம். தப்பு என்னுடையதுதான்.

மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்னால் பதிகிற வசதி கிடையாது. நோயாளிக்குக் கடுமையான பாதகம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல், 14 நாளுக்குள் ஆராய்ந்த அறிக்கை. சதைத் துண்டோ தரவோ வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் போவதாக இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் தனிக் குழு ஒன்று பார்த்து ஒப்ப வேண்டும். முதல் ஆராய்ச்சியில் வெளிநாட்டுக்காரரைச் சேர்க்காமல் இருப்பது மூச்சுக்கு நல்லது.

படி 5: ஒப்புதலைக் கொங்குத் தமிழில் பேசுங்கள்

இங்கே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் படிவங்கள் தோற்பது இங்கேதான்.

"தன்னார்வப் பங்கேற்பாளரின் தகவலறிந்த ஒப்புதல் படிவம்" என்று தலைப்பிட்ட எட்டுப் பக்கத்தை மொழிபெயர்ப்பு நிறுவனம் கொடுக்கும். அவிநாசியில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கதிர்வீச்சு என்றால் புரியாது, 'கரண்ட் வைக்கறது' என்றால் புரியும். ஆனால் அப்படியே எழுதினால் ஷாக் அடிக்குமா என்ற பயமும் கூடவே வரும். 'கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு, வலிக்காது, சூடு தெரியாது' என்று எழுதுங்கள். பயாப்ஸிக்குச் 'சதை டெஸ்ட்'. 'சோதனை' என்ற சொல்லைக் கூடுமானவரை தவிருங்கள். நம் பக்கம் சோதனை என்றால் சாமி கொடுக்கிற கஷ்டம், அதற்குக் கையெழுத்துப் போட யார் வருவார்கள்? 'ஆராய்ச்சி' பரவாயில்லை.

ஒரு தடவை சென்னிமலைப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க, இதுல சேந்தா ஊட்டுக்காரருக்குச் செரியாயிருமுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. சேந்தாலும் சேராட்டியும் வைத்தியம் ஒண்ணேதானுங்க. நாங்க எழுதி வெச்சுக்குவோம், பின்னால வர்றவங்களுக்கு ஒதவும்."

"அப்ப எங்களுக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்தார். "செரி, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வர்றனுங்க" என்று எழுந்து போனார். பத்து நிமிஷத்தில் இருவரும் வந்தார்கள். அந்த 'இல்லீங்க' என்ற பதிலைச் சொல்லத் தயங்குகிறவரை ஒப்புதல் வாங்க உட்கார வைக்காதீர்கள்.

மூளைக் கட்டியில் கூடுதல் சிக்கல் உண்டு. இடது பக்கக் கட்டி சிலருக்குப் பேச்சையே எடுத்துவிடும். தலையாட்டுவார், புரிந்து ஆட்டுகிறாரா என்று தெரியாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லியோ, சைகையால் காட்டச் சொல்லியோ பாருங்கள். முடியவில்லை என்றால் சட்டம் ஏற்கிற பிரதிநிதி கையெழுத்துப் போடலாம், மனைவியோ மகனோ. பிற்பாடு அவர் தேறினால் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும், வார்டு நர்ஸைப் பிடித்து உட்கார வைப்பது சரிப்படாது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரம்பரை எல்லாம் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். படிவத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், தையல் பிரிக்க வருகிற நாளில் பேசுங்கள். "புற்றுன்னு அவருகிட்டச் சொல்லீராதீங்க" என்று மகன் தனியே கூப்பிட்டுச் சொல்வார். பாவம், அவர் வெசனம் அவருக்கு. ஆனால் என்ன நோய்க்கான ஆராய்ச்சி என்று தெரியாமல் ஒருவரை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. டாக்டர் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை அந்தப் பெயரைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

கோவைக்கு வருகிறவர்கள் எல்லாம் தமிழ் பேசுகிறவர்களும் அல்லர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மலையாளம், தாளவாடி மலையிலிருந்து கன்னடம், நீலகிரியிலிருந்து படுக மொழி. குறைந்தது மலையாளப் படிவமாவது கையில் இருக்கட்டும்.

படி 6: ஷேடு கார்டு

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் என்று போகும். கடைசியில் நிறம் ஒத்துப்போவதற்குக் காரணம் எல்லாரும் ஒரே ஷேடு கார்டைப் பார்ப்பதுதான். மூளைக் கட்டிக்கு ஷேடு கார்டு உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு. அதற்கு முந்தைய வழக்கப்படி 'கிளியோபிளாஸ்டோமா' என்று எழுதிய ரிப்போர்ட்டும் இப்போது எழுதுகிற ரிப்போர்ட்டும் ஒரே நோயைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அது இப்போது கிளியோபிளாஸ்டோமாவே அல்ல, ஆஸ்ட்ரோசைட்டோமா. ஆயுளும் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் எந்த வைத்தியமும் நல்ல வைத்தியமாகத் தெரியும்.

எல்லா மையமும் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் என்ன என்று முடிவு செய்யுங்கள். இந்த மாதிரி மரபணு மாற்றங்களைத் தகட்டில் காட்டிக்கொடுக்கிற ஐ.டி.எச்.1 ஆர்132எச் சாயமும் ஏ.டி.ஆர்.எக்ஸ். சாயமும் நல்ல லேப் எதிலும் போட முடியும். 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, கண்ணாடித் தகட்டில் கிளியோபிளாஸ்டோமா தெளிவாகத் தெரிந்து, முன்பு குறைந்த தரக் கட்டி இருந்ததில்லை என்றால், ஐ.டி.எச்.1 சாயம் எதிர்மறையாக வந்தாலே போதும், விலை கூடிய மரபணு வரிசைப்படுத்தல் தேவையில்லை. பணத்தை வயது குறைந்தவர்களுக்கு மிச்சம் பிடியுங்கள். எம்.ஜி.எம்.டி. மெத்திலேற்றம், 1பி/19க்யூ ஆகிய மரபணு டெஸ்டுகளை ஒரே லேபுக்கு அனுப்புங்கள். நாலு லேபில் நாலு முறையில் செய்தால் நாலு ஷேடு.

அந்த லேபுக்குப் பிளாக் (மெழுகில் பதித்த சதை) போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. சதை எடுத்த உடனே 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும், திசுவின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவம், குறைந்தது 6 மணி நேரம், 72 மணிக்கு மேல் வேண்டாம். ஓர் இடத்திலிருந்து எங்களுக்கு வந்த பாட்டிலில் ஃபார்மலினுக்குப் பதில் சலைன் இருந்தது. சனிக்கிழமை மதியம் எடுத்தது, திங்கட்கிழமை திறந்தோம். அந்த மனிதரின் தலையைத் திறந்து எடுத்த சதையில் படிக்க ஒன்றுமே மிச்சமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தியேட்டருக்கும் ஃபார்மலின் ஊற்றி, தடித்த சிவப்பு எழுத்தில் லேபிள் ஒட்டிய பாட்டிலை நாங்களே கொண்டுபோய் வைத்தோம். இதை உங்கள் பட்ஜெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், செலவு மிகச் சொற்பம். மெழுகு பிளாக்குகளை சித்திரை வெயிலில் பஸ் பார்சலில் போடாதீர்கள். காலை வண்டியில் ஆளோடு அனுப்புங்கள்.

படி 7: ஸ்கேனும் கதிர்வீச்சும்

ஆபரேஷனுக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ. 48 மணி நேரத்துக்குள், எப்படியும் 72-ஐத் தாண்டாமல். அதற்குப் பிறகு எடுத்தால் காயம் ஆறுகிற வெளுப்பும் மிச்சக் கட்டியும் ஒரே மாதிரித் தெரியும். எந்தெந்த வரிசைப் படங்கள் எடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் அச்சடித்து ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டுங்கள். டெக்னீஷியன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுப் பேசினால் இன்னும் நல்லது. ஃபிலிம் ஆராய்ச்சிக்கு உதவாது, கோப்பு வேண்டும். கோப்பின் உள்ளே பெயரும் பிறந்த தேதியும் பதிந்திருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள். தலைப் படம் என்பதால் கம்ப்யூட்டரில் முகத்தையே மீட்டு உருவாக்க முடியும், முகப் பகுதியை நீக்கும் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது.

கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரத்தில் படம் மோசமாகத் தெரிந்தால் பதறக் கூடாது. வைத்தியத்தின் விளைவாகவே கட்டி வளர்ந்த மாதிரித் தோற்றம் வரும். ஸ்கேனில் கட்டி வளர்ந்ததா என்று முடிவு செய்ய 2010-இல் வகுத்த ரானோ அளவுகோல் இதற்காகத்தான் அந்த 12 வாரத்தைத் தனியாக வைக்கிறது. ஒரு மையம் இதைப் 'பெருகிவிட்டது' என்று எழுதி மருந்தை நிறுத்த, இன்னொரு மையம் காத்திருக்க, இரண்டையும் கூட்டிக் கழித்தால் கிடைப்பது குப்பை. படங்களை யாருடைய நோயாளி என்று தெரியாத இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் பார்க்கட்டும்.

கதிர்வீச்சுக்கு ஓர் ஒத்திகை வையுங்கள். ஒரே நோயாளியின் ஸ்கேனை எல்லா மையத்துக்கும் அனுப்பி, கதிர் பட வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொல்லுங்கள். கட்டியைச் சுற்றி எத்தனை தூரம் விடுவது என்பதில் பழைய பழக்கம் 20 மில்லிமீட்டர், 2023-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் 15 மில்லிமீட்டர். இரண்டில் எதையாவது ஒன்றை எல்லாரும் பிடித்துக்கொள்ளுங்கள். வரைந்த கோடுகளை ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டுங்கள், யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது. மாத்திரையிலும் அப்படித்தான். கதிர்வீச்சோடு தினமும் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், பிறகு 28 நாளில் 5 நாள் 150 முதல் 200 வரை, ஆறு சுற்று. சிலர் பன்னிரண்டு சுற்று கொடுப்பார்கள். கொடுக்கட்டும், ஆனால் அதை எழுத வேண்டும்.

படி 8: பழனிச்சாமிகளைப் பிரித்தறிதல்

கொங்கு நாட்டில் தரவுத்தளம் கட்டுகிறவருக்கு வருகிற தனிச் சோதனை இது (சாமி கொடுத்ததுதான்). பழனிச்சாமி, பழனிசாமி, பழனிசுவாமி, கே. பழனிசாமி, பழனிசாமி கே. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ச்சா'வுக்கு ஒருவர் எஸ் போடுவார், ஒருவர் சி.எச். போடுவார். ஸ்கேன் சென்டரில் ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் ஒன்று, காப்பீட்டில் ஒன்று. மூன்றும் ஒரே ஆளா, மூன்று பேரா? பிறந்த தேதியை வைத்துப் பார்க்கலாம் என்றால், வயதானவர்கள் பாதிப் பேருக்கு ஆதாரில் ஜனவரி 1.

அதனால் பெயரை நம்பவே வேண்டாம். முதல் மையத்தில் சேர்ந்த உடனே ஓர் ஆராய்ச்சி எண் கொடுத்து, அதை ஒரு சின்ன அட்டையில் எழுதி மஞ்சப்பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். எங்களுக்கு வேலை செய்தது இந்த ஒன்றுதான். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் பையைக் கொட்டும்போது அட்டை வந்து விழும். எண்ணையும் பெயரையும் இணைக்கிற பட்டியல் அந்தந்த மையத்தில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், பொதுத் தளத்துக்கு எண் மட்டுமே போகட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இலேயே சட்டம் வந்துவிட்டது, வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்போர்ட் போடுகிற பழக்கத்தை இத்தோடு விடுங்கள்.

தளத்துக்கு ரெட்கேப் என்ற மென்பொருள் நல்லது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2004-இல் உருவாக்கியது, லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கு இலவசம். கேள்விகள் நாற்பதுக்குள் இருக்கட்டும். நானூறு கேட்டால் நாற்பதுகூடச் சரியாக வராது. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் செய்யுங்கள், 05/06 என்றால் ஒருவருக்கு ஜூன், ஒருவருக்கு மே. 'தெரியவில்லை'க்கும் 'கேட்கவில்லை'க்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். இரண்டும் வேறு.

மாசம் ஒருமுறை எல்லா மையமும் அரை மணி நேரம் வீடியோவில் பேசட்டும். யார் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்ற பட்டியலை முதலில் காட்டுங்கள், மற்றது தானாக நடக்கும். வருஷத்துக்கு இருமுறையாவது நேரில் போய், தளத்தில் இருப்பதும் கேஸ் ஷீட்டில் இருப்பதும் ஒன்றா என்று பத்துப் பேருக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 9: கடைசி தேதி

இந்த நோயில் ஆராய்ச்சியின் விடை பெரும்பாலும் ஒரு தேதிதான். அந்தத் தேதி ஆஸ்பத்திரி நோட்டில் இருக்காது, வீட்டில் இருக்கும்.

சேரும்போதே மூன்று போன் எண் வாங்குங்கள். வீட்டில் ஒன்று, மகன் அல்லது மருமகனுடையது, பக்கத்தில் மளிகைக் கடையோ பால் சொசைட்டியோ ஒன்று. மகன் எண் மாற்றிவிடுவார், சொசைட்டி மாற்றாது. சாயங்காலம் ஏழு மணிக்குமேல் கூப்பிடுங்கள், தறியும் பட்டறையும் ஓடுகிற நேரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். நோம்பி, அறுவடை, கல்யாண மாசங்களில் வராமல் போனவர்களை 'விலகினார்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மாசம் பொறுத்தால் பாதிப் பேர் வருவார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் பஸ் காசுக்கும் கூட வருகிறவரின் ஒருநாள் கூலிக்கும் அதில் வழியில்லை. ஆராய்ச்சிக்காக மட்டும் வரச் சொல்கிற நாளுக்குப் பயணக் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கூப்பிட்டதும் "உயிரோட இருக்காரா" என்று கேட்கக் கூடாது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வந்தவர்கள் கேட்டுவிடுகிறார்கள். "எப்படி இருக்கீங்க, ஐயா எப்படி இருக்கார்" என்று ஆரம்பியுங்கள். மறுபக்கம் ஒரு நொடி அமைதி வந்தால் புரிந்துவிடும். பேச விடுங்கள். தேதியைக் கடைசியில் கேளுங்கள். பெரும்பாலும் இங்கிலீஷ் தேதி சொல்ல மாட்டார்கள். "தைப்பூசம் முடிஞ்சு மூணாம் நாளுங்க" என்பார்கள். "தேய்பிறை தசமி, வெள்ளிக்கிழமை" என்பார்கள். திதி கொடுக்க வேண்டுமே, அதனால் அது மறக்காது. ஒவ்வொரு ஒருங்கிணைப்பாளர் மேஜையிலும் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்று இருக்க வேண்டும். போன வருஷத்துடையதையும் தூக்கிப் போடாதீர்கள். ரெட்கேப்பில் ஏறுகிற தேதிகளில் நிறைய, முதலில் பஞ்சாங்கத்தில் விரல் வைத்துப் பார்த்தவை.

படி 10: பூட்டுதல், எழுதுதல், திரும்பச் சொல்லுதல்

கடைசி நோயாளியின் காலக்கெடு முடிந்ததும் தளத்தைப் பூட்டுங்கள், அதன் பிறகு ஒரு எண்ணையும் தொடக் கூடாது. கணக்குப் போடுகிற புள்ளியியலாளர் முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும், கடைசியில் கூப்பிட்டால் அவரால் பிரேதப் பரிசோதனைதான் செய்ய முடியும். முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் வெளியிடுங்கள். சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்திருந்தால் உங்கள் கேள்வி ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும்படி இருக்கிறது.

பிறகு ஒரு பக்கத்தில், கொங்குப் பேச்சுக்குப் பக்கமான தமிழில், என்ன கண்டுபிடித்தோம் என்று எழுதி வீடுகளுக்கு அனுப்புங்கள். எத்தனை ஊர் ஆஸ்பத்திரி, எத்தனை பேர், என்ன தெரிந்தது. வேண்டாம் என்று முன்பே சொன்னவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். போன முறை அனுப்பியபோது அந்தச் சென்னிமலை அம்மாவிடமிருந்து போன் வந்தது. காகிதத்தைப் பேத்தி படித்துக் காட்டினாளாம்.

"இதுல அவுரு எத்தனாவது ஆளுங்க?" என்று கேட்டார்.

எண்ணைப் பார்த்துச் சொன்னேன்.